விவாகரத்துக்கு லோயர் பிடிப்பதும் காசு கட்டுவதும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், அட்டனில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் பதினொரு வருஷம் கிளாக்காக இருந்தேன். நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் உள்ளே கேட்க வெட்கப்பட்டதையும், உள்ளே கேட்டு விளங்காததையும் ஆட்கள் வெளியே என் மேசையில் வந்துதான் கேட்பார்கள். வேலையை விட்ட பிறகும் அது நிற்கவில்லை. பஸ்ஸில் கேட்கிறார்கள், திருவிழாவில் கேட்கிறார்கள், இரவு ஒன்பது மணிக்குப் போன் எடுத்து “அக்கா, ஒரு சின்ன விஷயம்” என்கிறார்கள். சின்ன விஷயமாக ஒன்றுமே இருந்ததில்லை. அதனால் அடிக்கடி வரும் கேள்விகளை எழுதி வைக்கிறேன். இது பொது விவாகச் சட்டத்தின் கீழ் கல்யாணம் செய்தவர்களுக்கானது. மலையகத் தமிழரில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அதில்தான் வருவார்கள்.

கேள்வி: பொலிஸில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்துப் பிரிந்துவிட்டோம். அதற்கு மேல் லோயர் எதற்கு?

பொலிஸ் புத்தகத்தில் எழுதியது விவாகரத்து ஆகாது. தோட்டத் தலைவர் முன்னால் எழுதிய தாளும் ஆகாது, மத்தியஸ்த சபையில் பேசித் தீர்த்ததும் ஆகாது. கோயிலில் தாலியைக் கழற்றி உண்டியலில் போட்டாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் கணவன் மனைவிதான். பொதுச் சட்டக் கல்யாணத்தை மாவட்ட நீதிமன்றம் மட்டுமே கலைக்க முடியும்.

அந்தப் பொலிஸ் தாளில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. “இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம்” என்று அதில் எழுதிவிடுவார்கள். எழுதுகிறவருக்கு அது ஒரு வழக்கமான வரி. ஆனால் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் (ஜீவனாம்சம், அதாவது சாப்பாட்டுச் செலவுக்கான பணம்) சட்டம், இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கோ கணவனுக்கோ தாபரிப்புக் கட்டளை கொடுக்கக்கூடாது என்கிறது. (பிள்ளைகளின் பணத்தை இது தொடாது.) அடித்துத் துரத்தப்பட்ட பெண், சண்டை முடிந்தால் போதும் என்று அந்த வரிக்குக் கீழே கையெழுத்து வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து எங்கள் அலுவலகத்துக்கு வந்து அழுததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் யாரையாவது வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். “நான் சம்மதித்துப் போகவில்லை, என்னை வெளியே போட்டார்கள்” என்பதுதான் உண்மையானால் அதையே எழுதச் சொல்லிக் கேளுங்கள். முறைப்பாட்டின் பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் இரண்டு பேருக்கும் சம்மதம். பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பம் பதிவாளர் கந்தோரிலேயே பிரிந்துவிட்டதே. எங்களுக்கு ஏன் முடியாது?

அவர்கள் கண்டியச் சட்டத்தின் கீழ் கல்யாணம் செய்தவர்கள். 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மாவட்டப் பதிவாளரே விவாகரத்துக் கொடுக்கலாம். இருவரும் சம்மதிப்பதும் அங்கே ஒரு காரணம். முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம் இருக்கிறது, அங்கே சட்டத்தரணிகள் தோன்றவே முடியாது. ஒரே பஸ் ரூட்டில் மூன்று விதமான சட்டம்! ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பொதுச் சட்டத்தில் காரணங்கள் மூன்றுதான்: கல்யாணத்துக்குப் பிறகு வேறொருவரோடு உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போவது, கல்யாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. சம்மதம் அந்த வரிசையில் இல்லை. மலையகத்தில் நான் பார்த்த வழக்குகளில் பெரும்பாலானவை இரண்டாவது காரணத்தில் நடந்தவை. கைவிட்டுப் போவது என்றால் வீட்டைவிட்டுப் போனவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அடியும் குடியுமாக மற்றவரைப் போக வைத்தவரும் கைவிட்டவர்தான்.

எதிர்ப்பக்கம் சண்டை போடாவிட்டால் வழக்குச் சீக்கிரம் முடியும், செலவும் குறையும். அதற்காக இரண்டு பேரும் கூடிப்பேசிப் பொய்க் காரணம் சொல்வது வேறு கதை. நீதிபதிக்குத் தெரிந்தால் வழக்கே விழுந்துவிடும்.

முதலாவது காரணத்தைக் கோபத்தில் எழுதச் சொல்லாதீர்கள். “அவளை விடக்கூடாது, பேரைப் போடுங்கள்” என்பார்கள். பேரைப் போட்டால் அந்த மூன்றாம் ஆளையும் வழக்குக்குள் கொண்டுவர வேண்டும், உறவை நிரூபிக்க வேண்டும், ஊர் வாயும் சேரும். வழக்குத் தவணையும் (நீதிமன்றத்துக்குப் போகும் திகதி) காசும் இரண்டு மடங்காகும். அதே கணவன் மூன்று வருஷமாக வீட்டுக்கு வரவில்லை என்றால் கைவிட்டது என்ற காரணமே போதுமாக இருக்கலாம். எதை எழுதுவது என்பதை உங்கள் கோபம் தீர்மானிக்கக்கூடாது, உங்கள் சட்டத்தரணி தீர்மானிக்கட்டும்.

கேள்வி: ஏழு வருஷம் பிரிந்திருந்தால் தானாகவே வெட்டிப்போகும் என்கிறார்களே?

போகாது. எழுபது வருஷம் பிரிந்திருந்தாலும் போகாது. சிவில் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 608ஆம் பிரிவில் ஏழு வருஷம் பிரிந்திருப்பதைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது, அதிலிருந்து வந்த கதை இது. அந்தப் பிரிவில் போவதானாலும் வழக்குப் போட வேண்டும். மற்றவர் பக்கத் தவறையும் காட்ட வேண்டும் என்று 1986இல் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கேள்வி: எங்கள் கல்யாணம் பதிவே இல்லை. கோயிலில் தாலி கட்டினோம், அவ்வளவுதான். வழக்கே தேவையில்லை, அப்படித்தானே?

அவசரப்படாதீர்கள். பதிவு இல்லை என்பதால் மட்டும் கல்யாணம் இல்லை என்றாகிவிடாது. முறைப்படி சடங்கு நடந்து, ஊர் உங்களைக் கணவன் மனைவி என்று ஏற்று, பத்து வருஷம் குடும்பம் நடத்தியிருந்தால் நீதிமன்றம் அதைக் கல்யாணமாக ஏற்க இடமிருக்கிறது. யாருக்கு எது சாதகம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இந்த ஒரு கேள்விக்காகவேனும் ஒரு சட்டத்தரணியிடம் அரை மணி நேரம் காசு கொடுத்துப் பேசுங்கள். பிள்ளைகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்கலாம்.

கேள்வி: எந்தக் கோர்ட்டில் போடுவது? லோயரைக் கொழும்பில் பிடித்தால் நல்லதா?

வழக்குப் போடுகிறவர் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். கல்யாணம் பதுளையில் நடந்திருந்தாலும், நீங்கள் இப்போது பொகவந்தலாவையில் அம்மா வீட்டில் இருந்தால், பதுளைக்கு ஓட வேண்டியதில்லை. அட்டன், நுவரெலியா, கம்பளை, கண்டி, மாத்தளை, பண்டாரவளை, பதுளை என்று அந்தந்தப் பக்கத்துக்கு நீதிமன்றம் இருக்கிறது.

கொழும்பு லோயர் என்றால் கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் அவர் ஒவ்வொரு தவணைக்கும் மலை ஏறி வரும் செலவை நீங்கள் கட்ட வேண்டும். வர முடியாத நாளில் உள்ளூர்க்காரர் ஒருவர் எழுந்து திகதி கேட்பார், அதற்கும் காசு. வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே வாரத்தில் நாலு நாள் நிற்கிறவர் நல்லவர். அங்கே எந்த நாளில் எந்த வழக்கு எடுப்பார்கள், எந்தக் கிளாக்கிடம் வழக்குக் கோவை இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

தேடுவதற்கு என்னுடைய வழி இது. ஒரு நாள் சும்மா போய்த் திறந்த நீதிமன்றத்தில் பின்வரிசையில் உட்காருங்கள். (குடும்ப வழக்குச் சாட்சியத்தைச் சில நேரம் மூடிய அறையில் எடுப்பார்கள், மற்ற வழக்குகளைப் பார்க்கலாம்.) யார் தயாராக வந்திருக்கிறார், யார் ஒவ்வொரு வழக்கிலும் “இன்னொரு திகதி” கேட்கிறார் என்று பாருங்கள். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் தெரிந்துவிடும். அப்புறம் ஏற்கனவே வழக்கு முடித்த இரண்டு பேரிடம் கேளுங்கள். “நல்லவரா” என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். “எத்தனை தவணை போனீர்கள், மொத்தம் எவ்வளவு கட்டினீர்கள், ரசீது தந்தாரா” என்று கேளுங்கள்.

நீதிமன்ற வாசலில் “நல்ல லோயரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்” என்று வருகிற ஆளை விட்டு விலகுங்கள். ஆள் பிடிக்கத் தரகர் வைப்பது சட்டத்தரணிகளின் ஒழுக்க விதிகளுக்கு விரோதம். அந்தத் தரகரின் பங்கும் உங்கள் கட்டணத்துக்குள்தான் ஒளிந்திருக்கும். தொழிற்சங்கக் காரியாலயத்தில் சொல்லும் பெயரைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் சம்பள வழக்கில் கெட்டிக்காரர் குடும்ப வழக்கிலும் கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்றில்லை.

கேள்வி: எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. தமிழில் வழக்காட முடியுமா?

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. வழக்கைத் தமிழில் தொடங்கலாம், ஆவணங்களைத் தமிழில் கொடுக்கலாம், மொழிபெயர்ப்பையும் அரசு தர வேண்டும். நடைமுறையில் வடக்கு கிழக்குக்கு வெளியே பதிவேடு சிங்களத்தில்தான் ஓடுகிறது. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்று தவணை தள்ளிப்போவதும் உண்டு. ஆகவே தமிழும் சிங்களமும் இரண்டும் நன்றாகத் தெரிந்த சட்டத்தரணி உங்களுக்குப் பாதிச் செலவை மிச்சப்படுத்துவார். சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைக்கும்முன் வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லுங்கள். “எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கு, வையுங்கம்மா” என்று அவசரப்படுத்தினால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். அந்தக் கிளாக் நானாக இருந்திருந்தாலும்.

கேள்வி: சரி, மொத்தம் எவ்வளவு ஆகும்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க நினைத்துக் கடைசியில் கேட்பார்கள். விவாகரத்துக்கு இவ்வளவு என்று சட்டம் போட்ட விலைப்பட்டியல் கிடையாது. சட்டத்தரணியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்வதுதான். அதனால்தான் ஒரே நீதிமன்றத்தில், ஒரே மாதிரியான வழக்குக்கு, ஒருவர் கேட்பது மற்றவர் கேட்பதைவிட இரண்டு மூன்று மடங்காக இருக்கும்.

கட்டணம் எங்கெங்கே பிரிகிறது என்று தெரிந்தால் பேரம் பேசலாம். முதலில் ஆலோசனைக்கு ஒரு தொகை. அடுத்து வழக்கை எழுதித் தாக்கல் செய்ய ஒரு தொகை, இதில்தான் புரொக்சியில் (உங்களுக்காக அவர் தோன்ற நீங்கள் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) கையெழுத்து வைப்பீர்கள். அதன் பிறகு ஒவ்வொரு தவணைக்கும் ஒரு தொகை. விசாரணையில் பேச வேறொரு சட்டத்தரணியை அமர்த்தினால் அவருக்குத் தனியாக. முத்திரை, அழைப்பாணை (சமன்ஸ்) அனுப்புவது, பிரதி எடுப்பது என்று சில்லறைச் செலவு வேறு. சிலர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகை சொல்வார்கள்.

எது நல்லது? எதிர்ப்பக்கம் வராது என்று உறுதியாகத் தெரிந்தால், தவணைக்கு இவ்வளவு என்பது மலிவாக முடியலாம். சண்டை நடக்கும் என்று தெரிந்தால், தொடக்கம் முதல் தீர்ப்பு வரை ஒரே தொகையாகப் பேசி, மூன்று நாலு பகுதியாகக் கட்டுவதுதான் என் ஆலோசனை. தவணைக்குக் காசு என்றால் வழக்கு இழுபட இழுபட உங்கள் கைதான் காலியாகும். எல்லாச் சட்டத்தரணியும் இழுக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. இழுபட்டாலும் ஒருவருக்கு நட்டமில்லாத ஏற்பாடு அது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

இனி யாரும் கணக்கில் சேர்க்காத செலவுக்கு வருகிறேன். ஒரு தவணைக்குப் போனால் தோட்டத்தில் அன்றைய பேர் (ஒரு நாள் வேலைப் பதிவு) இல்லை. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. உதாரணத்துக்குப் பதினைந்து தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள்: அந்தக் கணக்கில் சம்பளமாக மட்டும் 20,250 ரூபா போகிறது. பஸ் காசு, கடைச் சாப்பாடு, கூட வருகிற அம்மாவின் பேர், எதுவும் இதில் சேரவில்லை. சட்டத்தரணியிடம் ஐயாயிரம் குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் மன்றாடுகிறவர்கள் இந்த இருபதாயிரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி இது: “ஐயா, எந்தெந்தத் தவணைக்கு நான் கட்டாயம் வர வேண்டும்?” புரொக்சி கொடுத்த சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்றலாம். அழைப்பாணை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிற தவணைக்கும், எதிர்ப்பக்கம் மறுமொழி போடுகிற தவணைக்கும் பெரும்பாலும் நீங்கள் அங்கே நின்று ஒன்றும் ஆகப்போவதில்லை. விசாரணை நாளும், நீதிபதி நேரில் வரச் சொன்ன நாளும்தான் முக்கியம். நாங்களே இதைச் சொல்லாமல் விட்டதுண்டு. வரவேண்டாம் என்று சொன்னால், அன்றைய காசும் கைக்கு வராது என்ற பயம் அலுவலகத்துக்கு. காசைப் போனில் அனுப்புகிறேன், பஸ்காரத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன் என்று நீங்கள் முதலே ஒழுங்கு செய்தால் அந்தப் பேச்சு முடிந்தது.

எந்தத் தொகை கொடுத்தாலும் ரசீது கேளுங்கள். ரசீதுப் புத்தகம் இல்லை என்றால் ஒரு கொப்பியில் திகதி, தொகை, எதற்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு அக்கா பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அப்படி எழுதி வருவார். எங்கள் ஆட்கள் முதலில் சிரித்தார்கள். அவருடைய கணக்கில் மட்டும் ஒரு நாளும் குழப்பம் வரவில்லை.

கடைசியாக ஒன்று. நகையை அடகு வைத்து முழுத் தொகையையும் முதல் நாளே கொட்டிவிடாதீர்கள்.

கேள்வி: அந்த அளவுக்கெல்லாம் என்னிடம் இல்லை. இலவசமாக யார் செய்வார்கள்?

சட்ட உதவி ஆணைக்குழு. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. தலைமையகம் கொழும்பு புதுக்கடையில், கிளைகள் கண்டி, நுவரெலியா, பதுளை போன்ற ஊர்களிலும் உண்டு. வருமானத்துக்கு ஒரு மேல் எல்லை வைத்திருக்கிறார்கள், அது அவ்வப்போது மாறும். தோட்டச் சம்பளத்தில் இருக்கிறவர்கள் தயங்காமல் போய்க் கேட்கலாம். சம்பளச் சீட்டும், கிராம உத்தியோகத்தரின் கடிதமும் கொண்டுபோனால் இரண்டாவது தடவை அலைய வேண்டாம்.

“இலவச லோயர் ஒழுங்காக வாதாடமாட்டார்” என்று ஊரில் ஒரு பேச்சு. எங்கள் அலுவலகத்தின் எதிர்ப்பக்கத்தில் அவர்கள் நின்ற வழக்குகளை வைத்துச் சொல்கிறேன்: சிலர் எங்களைத் திணறடித்திருக்கிறார்கள். குறை அங்கே வேறு. ஒருவர் கையில் நிறைய வழக்கு. அதனால் நீங்கள்தான் போன் எடுத்துத் திகதியை ஞாபகப்படுத்த வேண்டும்.

பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். அவரிடம் போனால் எங்கே போவது என்று வழி சொல்வார், சில நேரம் கடிதமும் தருவார். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தாபரிப்பும் வழக்குச் செலவும் கணவன் தரவேண்டும் என்று மனைவி அந்த நீதிமன்றத்திலேயே கேட்கலாம். இதைக் கேட்கச் சொல்லி உங்கள் சட்டத்தரணிக்கு நீங்களே ஞாபகப்படுத்துங்கள். கணவன் அரச உத்தியோகத்திலோ நிரந்தரச் சம்பளத்திலோ இருந்தால் இது மிகவும் பிரயோசனம்.

கேள்வி: விவாகரத்து முதலா, தாபரிப்பு முதலா?

அடுப்பு எரிய வேண்டுமென்றால் தாபரிப்பு முதல். அது நீதவான் நீதிமன்றத்தில், தனி வழக்கு. விவாகரத்துப் போடாமலே போடலாம், சட்டத்தரணி இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். பிள்ளைக்குப் பதினெட்டு வயது வரை. படிக்கிற பிள்ளை, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை என்றால் இருபத்தைந்து வயது வரையும் கேட்க இடமுண்டு. கட்டளையை மீறிக் கட்டாமல் விட்டால் சம்பளத்திலிருந்து பிடிக்கச் சொல்லலாம், சிறைக்கும் போகலாம்.

மனைவி தனக்காகக் கேட்கும்போது, தன்னால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று காட்ட வேண்டும். கொழுந்து பறித்துச் சம்பளம் எடுக்கிறவருக்கு அது கஷ்டம். பிள்ளைக்கான பணத்துக்கு அந்தத் தடை இல்லை. அப்பாவின் வருமானத்தைக் காட்ட என்ன இருக்கிறது என்று இப்போதே சேருங்கள்: சம்பளச் சீட்டு, கொழும்பில் வேலை செய்யும் கடையின் பெயர், முச்சக்கர வண்டி இருந்தால் அதன் இலக்கம். “அவர் என்ன செய்கிறார் என்றே தெரியாது” என்று போனால் நீதவான் எதை வைத்துத் தொகை போடுவார்?

கேள்வி: அடி தாங்க முடியவில்லை. விவாகரத்துக் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்களுக்காகப் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு விசாரித்துப் பன்னிரண்டு மாதம் வரை. ஆஸ்பத்திரிக்குப் போனால் “விழுந்துவிட்டேன்” என்று சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரியில் எழுதித் தரும் துண்டு பிறகு விவாகரத்து வழக்கிலும் பேசும். அவசரமென்றால் 119.

கேள்வி: எனக்குச் சமன்ஸ் வந்திருக்கிறது. போகாமல் விட்டால் என்ன?

நீங்கள் இல்லாமலே ஒருதலைப்பட்சமாக விசாரித்து முடித்துவிடுவார்கள். பிள்ளை யாரிடம், பணம் எவ்வளவு என்பதும் வழக்குப் போட்டவர் சொன்னபடி போகலாம். விவாகரத்துக்கு உங்களுக்கும் விருப்பமாக இருந்தாலும், ஒரு தடவையாவது சட்டத்தரணியிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். ஏற்கனவே தீர்ப்பாணை கைக்கு வந்துவிட்டதென்றால் பதினான்கு நாள்தான் இருக்கிறது. சமன்ஸ் உண்மையில் கிடைக்கவில்லை போன்ற நியாயமான காரணத்தைக் காட்டி அதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவருடைய லோயரே “உங்களுக்கும் நானே பார்க்கிறேன்” என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒருவர் நிற்க முடியாது.

கேள்வி: மனைவி குவைத்தில். கணவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. இப்படியானால்?

இரண்டும் நடக்கக்கூடிய வழக்குகள்தான், நாள் கூடும். வெளிநாட்டுக்கு அழைப்பாணை அனுப்புவது மெதுவான காரியம். வெளிநாட்டில் இருக்கிறவரே வழக்குப் போடுவதானால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் காரியம் பார்க்க ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பி இங்கே ஒருவரை நியமிக்கலாம். சாட்சியத்துக்கு நேரில் வரவேண்டியிருக்குமா என்பதை முதலே கேட்டு, லீவைப் பார்த்துத் திகதி எடுக்கச் சொல்லுங்கள். அற்றோணித் தத்துவத்தைக் கணவனின் அண்ணனுக்குக் கொடுத்தவர் ஒருவரும் எங்களிடம் வந்தார். யாருக்குக் கொடுக்கிறோம் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

கேள்வி: முதல் நாள் என்ன கொண்டுபோவது?

விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, அப்புறம் ஒரு தாளில் நடந்ததைத் திகதி வரிசையில் எழுதியது. இந்தத் தாள்தான் காசை மிச்சப்படுத்தும். பெரும்பாலானவர்கள் மாமியாரின் குணத்தில் தொடங்குவார்கள், அரை மணி நேரம் அதிலேயே போய்விடும்.

பெயர்களைப் பொருத்திப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லக்ஷ்மி, விவாகப் பதிவில் சிங்களத்தில் வேறொன்று. தோட்டத்தில் இது வீட்டுக்கு வீடு இருக்கிற கதை. வழக்குப் போட்ட பிறகு கண்டுபிடித்தால் திருத்த ஒரு தவணை போகும்.

விலாசம் இன்னொரு தலையிடி. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) தனி விலாசம் இல்லாத இடத்தில் கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய், கங்காணி கைக்குப் போய், உங்கள் கைக்கு வருமுன் தவணையே முடிந்திருக்கும். டவுனில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரரின் விலாசத்தைக் கடிதத்துக்குக் கொடுங்கள். கணவனுக்குச் சமன்ஸ் போகவேண்டிய விலாசத்தில் தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிசன், லயம், எத்தனையாவது காம்பரா என்று எழுதிக் கொடுங்கள். “ஆள் இல்லை” என்று திரும்பி வந்தால் இன்னொரு தவணை.

கேள்வி: லோயர் போனையே எடுக்கிறார் இல்லை. மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் சும்மா இன்னொருவரிடம் போக முடியாது. புரொக்சியை இரத்துச் செய்ய அவருக்கு அறிவித்து நீதிமன்றத்தின் அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு தடவை நேரில் போய், கிளாக்கிடம் வழக்கு இலக்கத்தைக் கொடுத்து அடுத்த திகதியைக் கேளுங்கள். பாதித் தகராறு அங்கேயே தீரும். வழக்கு இலக்கம் தெரிந்தால் நீதிமன்றப் பதிவகத்திலும் திகதியை விசாரிக்கலாம். காசை வாங்கிவிட்டு வழக்கே போடாதவர் என்றால் விஷயம் வேறு. இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கத்துக்கு எழுதலாம். ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு இருப்பதால் அங்கும் முறையிடலாம். அப்போதுதான் அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கம் வேலை செய்யும்.

கேள்வி: தீர்ப்புக் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் மறுகல்யாணம் செய்யலாமா?

பொறுங்கள். முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பாணை. குறைந்தது மூன்று மாதம் கழிந்த பிறகுதான் அதை முற்றான தீர்ப்பாணையாக ஆக்குவார்கள். அதற்கு முன் செய்த கல்யாணம் செல்லாது, இருதார மணம் என்று குற்றவழக்கும் வரலாம். கல்யாண மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டு வந்து “அக்கா, நாளைக்கு அந்தத் தாள் வேணும்” என்று நின்ற ஒரு தம்பி எனக்கு ஞாபகம். மண்டபக் காசு போனதுதான்.

மூன்று மாதம் முடிந்ததும் அது தானாக வீடு தேடி வராது. சட்டத்தரணிக்குச் சொல்லி முற்றாக்கி, நீதிமன்றத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்க வேண்டும். பதிவாளர் கேட்பது அதைத்தான். ஈ.பி.எப்.பில் (ஊழியர் சேமலாப நிதி) பழைய கணவனின் பெயரை நியமித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். பிரதியை இரண்டாக எடுங்கள். ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள், லயத்துக் கூரை ஒழுகும்.